செக்கில் அகப்பட்ட குடியானவன்

கரிசல் பூமியில் புரட்டாசி பிறந்தால் குடியானவன் வானத்தைப் பார்க்கின்றான்; லேவாதேவிக்காரன் குடியானவனைப் பார்க்கின்றான். விதைக்கும், உழவுக்கும், உரத்துக்கும் அப்பொழுதே பணம் வேண்டும். உளுந்தும், பாசியும், மக்காச்சோளமும், பருத்தியும் வீடு வந்து காசாவதோ தை, மாசியில்தான். இந்த இடைக்காலத்தை ஓட்டுவதற்கு வாங்கும் கடனுக்கு முன்னெல்லாம் ஒரு புரோநோட்டு போதுமானதாயிருந்தது. இப்பொழுது அத்தோடு பாங்கிச் செக்கும் சேர்த்துக் கேட்கப்படுகின்றது. "மாசி மாதத் தேதி போட்டுக் கொடு, அதுவரையில் பெட்டியில் கிடக்கும்" என்று சொல்லித்தான் வாங்குகிறார்கள். ஆனால் மார்கழியிலேயே, கதிர் முற்றுவதற்கு முன்பே, அந்தச் செக்கு பாங்கியில் போடப்பட்டு விடுகின்றது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துச் சம்சாரிகளுக்கும், தீப்பெட்டி ஆபீசுக் கூலிக்காரர்களுக்கும், சில்லறைக் கடைக்காரர்களுக்கும் இதை நாம் விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. எள்ளை ஆட்டுவதற்கும் செக்கு, பாங்கியில் போடுவதற்கும் செக்கு என்று நம் பேச்சில் ஒரே பெயர் அமைந்தது தற்செயலே என்றாலும், பொருத்தமில்லையென்று சொல்லுவதற்கில்லை.

இப்படி முன்கூட்டிப் போடுவதற்குச் சட்டம் இடங்கொடுக்கின்றதா என்று பார்ப்போம். செக்கு சம்பந்தமான சட்டம் 1881-ம் வருஷத்தியது. அதன்படி பின்தேதி போட்ட செக்கு, அந்தத் தேதி வருகிறவரையில் செக்கே அல்ல. குறிப்பிட்ட நாளில் பணம் கொடுக்கச் சொல்லும் ஓர் உண்டியல் மாதிரிதான். 1993-ல் சுப்ரீம் கோர்ட்டும் இவ்விதமே தீர்ப்புச் சொல்லியிருக்கின்றது. ஆகவே மாசித் தேதியிட்ட செக்கை மார்கழியில் கொண்டுபோய்ப் போட்டு, அது திரும்பி வந்ததென்று செக்கு மோசடிக் கேசு போடுவதற்கு வழியில்லை. தேதி வராத செக்குக்குப் பாங்கியும் பணம் கொடுக்கக் கூடாது. கொடுத்துவிட்டால் அது கணக்குக்காரனுடைய உத்தரவுக்கு மாறாகக் கொடுத்ததாகும். அத்தொகையைத் திரும்பக் கணக்கில் வைக்கச் சொல்லிக் கேட்க அவனுக்குப் பூரண உரிமையுண்டு. அதனால் அவனுடைய வேறு நியாயமான செக்கு ஏதேனும் பணமில்லையென்று திரும்பியிருந்தால் அந்த நஷ்டத்துக்கும் பாங்கியே பொறுப்பு. 2025 அக்டோபர் 4-ந் தேதி முதல் செக்குகள் சில மணி நேரத்திலேயே காசாகும்படி ரிசர்வ் பாங்கு ஏற்பாடு செய்திருப்பதால், நாலு நாள் கழித்துப் பார்த்துக் கொள்ளலாமென்று சும்மா இருப்பதற்கும் இனி இடமில்லை.

சட்டம் இவ்வளவு தெளிவாயிருக்கும்போது ஜனங்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்று கேட்கலாம். பெரும்பாலும் தேதியே போடாமல் கையெழுத்தை மாத்திரம் போட்டுக் கொடுத்துவிடுவதுதான் காரணம். தொகையும் காலி, தேதியும் காலி. தானே தேதி எழுதிக் கொள்ளுகிறவனுக்கு "முன்கூட்டி" என்பது ஏது? கையெழுத்துப் போட்டு மனப்பூர்வமாய்க் கொடுத்த வெறுஞ் செக்குக்கும் கடன் உண்டென்றே கோர்ட்டு அனுமானிக்கும் என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 1989 ஏப்ரல் முதல் அமுலுக்கு வந்த 138-வது பிரிவின்படி, செக்கு திரும்பினால் 30 நாளைக்குள் நோட்டீசு, நோட்டீசு கிடைத்த 15 நாளைக்குள் பணம். இல்லையானால் இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது செக்குத் தொகையில் இரட்டிப்பு வரை அபராதம், அல்லது இரண்டுமே. வியாபாரத்தில் செக்குக்கு நாணயம் வேண்டுமென்று செய்யப்பட்ட இந்தப் பிரிவு, கரிசல் காட்டுக்கு வந்தவுடன் கந்துவட்டிக்காரனுடைய கைத்தடியாகி விட்டது. பழைய காலத்தில் கடன்காரனை மிரட்டுவதற்கு அடியாள் வைத்துச் சோறு போட வேண்டியிருந்தது. இப்பொழுது அந்தச் செலவும் மிச்சம்!

இதில் இன்னொரு பித்தலாட்டம் இருக்கின்றது. ஒருவன் 1,00,000 ரூபாய்க்குச் செக்குக் கொடுத்துவிட்டு, கொஞ்சங் கொஞ்சமாய் 60,000 ரூபாய் கட்டிவிட்டான் என்று வைத்துக் கொள்ளுவோம். மிச்சம் 40,000 தானே? ஆனால் பெட்டியிலிருக்கும் செக்கு 1,00,000 என்றுதானே சொல்லும்? அதை அப்படியே பாங்கியில் போட்டு, திரும்பினவுடன் முழுத் தொகைக்கும் நோட்டீசு விடுகிறார்கள். இது செல்லாது என்று 2022 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கின்றது. இடையில் கட்டிய தொகையைச் செக்கின் மேலேயே எழுதி, மிச்சத்துக்குத்தான் போட வேண்டும். அப்படிச் செய்யாமல் முழுத் தொகைக்குப் போட்டால் 138-வது பிரிவின்படி அது குற்றமாகாது. ஆனால் 60,000 கட்டினதற்கு ருசு எங்கே? ரசீது கேட்டால், "என்ன, என்மேல் நம்பிக்கையில்லையா? வா, கோவிலில் வந்து சத்தியம் செய்கிறேன்" என்கிறான். நம்மவரும் அதைக் கேட்டுக் கண் கலங்கித் திரும்பி வந்துவிடுகிறார்கள். கடன் கொடுக்கும்போது மட்டும் அவன் சத்தியத்தை நம்பினானா? புரோநோட்டு, சாட்சி, செக்கு எல்லாம் வாங்கிக் கொண்டுதானே பணத்தை எண்ணினான்? கொடுக்கும்போது காகிதம், வாங்கும்போது கடவுளா?

"வாங்கின கடனைக் கொடுக்க வேண்டாமென்று சொல்லுகிறீர்களா?" என்று சிலர் கேட்பார்கள். ஒருநாளும் சொல்லவில்லை. வாங்கினதைக் கொடுக்கத்தான் வேண்டும். ஒப்பந்தமென்றால் இரண்டு பேருக்கும் ஒப்பந்தந்தானே என்றுதான் கேட்கிறோம். மாசியில் கொடுப்பதாய் ஒருவன் எழுதிக் கொடுக்க, மாசிவரை பொறுப்பதாய் மற்றவன் வாங்கிக் கொண்டான். சம்சாரி ஒரு நாள் தவறினால் நாணயம் கெட்டவன், லேவாதேவிக்காரன் இரண்டு மாதம் முந்தினால் கெட்டிக்காரன் என்பது எந்த ஊர் நியாயம்? இதையும் தலைவிதி என்று சொல்லிக் கொண்டு ஒரு கூட்டம் இருக்கின்றது. செக்கில் தேதி எழுதியது பிரம்மாவா?

கடன் கொடுத்தவன் சொல்லுவதே வேதம் என்றிருந்த நிலைமையை முன்னும் சர்க்கார் மாற்றியிருக்கின்றது. 1938-ல் ராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை செய்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தில், பழைய கடன்களுக்கு அசலைப்போல் இரட்டிப்புக் கட்டியிருந்தால் கடன் தீர்ந்தது என்று ஏற்படுத்தினார்கள். அவருடைய மற்றக் கொள்கைகள் எப்படியிருந்தாலும் இது நல்ல காரியமே. 1957-ல் லேவாதேவிக்காரனுக்கு லைசென்சு வேண்டுமென்றார்கள். 2003-ல் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடுத்து, மூன்று வருஷம் வரை ஜெயில் என்றார்கள். இவ்வளவு சட்டமும் இருந்துதான், 2017 அக்டோபர் 23-ந் தேதி திருநெல்வேலி கலெக்டர் ஆபீசு வாசலில் ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு பச்சைக் குழந்தைகள் ஆகிய நாலு பேரும் கந்துவட்டிக் கொடுமையால் தீயில் வெந்து மாண்டார்கள். பல தடவை மனுக் கொடுத்தும் பயனில்லாமல் போனதாகவே அப்பொழுது வெளியாயிற்று. 2025-ல் நெருக்கடி வசூலைக் குற்றமாக்கி மற்றொரு சட்டமும் வந்திருக்கின்றது. சட்டத்துக்கு இந்நாட்டில் எப்பொழுது பஞ்சமிருந்தது?

நாம் சர்க்காரைக் கேட்பது வேறு. லைசென்சு இல்லாமல் வட்டித் தொழில் செய்கிறவன் செக்குக் கேசு கொண்டு வந்தால், லைசென்சையும் வரவுசெலவுக் கணக்கையும் காட்டின பிறகே கேசை எடுக்க வேண்டுமென்று ஏன் விதி செய்யக் கூடாது? முன்கூட்டிப் போட்ட செக்கு திரும்பினால் கேசு நிற்காதே தவிர, போட்டவனுக்கு அதற்கென்று தண்டனை ஒன்றுமில்லை. அதை ஏன் ஏற்படுத்தக் கூடாது? ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்.

அதுவரையில் செய்யக்கூடியது இதுதான். தேதியும் தொகையும் எழுதாத செக்கில் கையெழுத்துப் போடக் கூடாது. கொடுத்த செக்கின் நம்பர், தேதி, எதற்காகக் கொடுத்தது என்பதை எழுதி, வாங்கினவனிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மறுத்தால் செக்கைப் படம் பிடித்தாவது வைத்துக் கொள்ள வேண்டும். கட்டுகிற பணத்தைக் கையில் கொடுக்காமல் பாங்கி மூலமாகவே கட்டினால் பாங்கியே சாட்சி. நம் அனுமதியில்லாமல் தேதியைத் திருத்தியிருந்தால் அந்தச் செக்கே செல்லாது. பணம் கொடுக்க வேண்டாமென்று பாங்கிக்கு எழுதுவதனால் மட்டும் கேசு வராமல் போகாது. அதே நாளில் காரணத்தையும் கணக்கையும் காட்டிக் கடன் கொடுத்தவனுக்கும் ரிஜிஸ்டர் தபால் விட வேண்டும். தேதிக்கு முன் பாங்கி பணம் கொடுத்துவிட்டால் கிளையில் எழுத்து மூலம் புகார் செய்து ரசீது வாங்கி, 30 நாளில் பரிகாரம் கிடைக்காவிட்டால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். ஜில்லா நுகர்வோர் கமிஷனுக்கும் போகலாம். நோட்டீசு வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புகிற முட்டாள்தனம் வேண்டாம். வாங்கி, 15 நாளைக்குள் பதில் கொடுக்க வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாத ஏழைகளுக்கும், வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட தோழர்களுக்கும் கோர்ட்டிலுள்ள சட்டப் பணிகள் குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார். டெலிபோன் நம்பர் 15100.