கோடாலியும் குடையும்

“எனக்குத் தீட்டிக்கொள்ள வேண்டிய கோடாலி எதுவும் இல்லை” என்று ஆங்கிலத்தில் சொல்வதுண்டு. ‘இந்தக் காரியத்தில் எனக்கென்று சொந்த லாபம் கிடையாது’ என்பது அதன் அர்த்தம். பெரும்பாலும் ‘இல்லை’ என்று மறுக்கும்போதுதான் இந்தப் பிரயோகம் வரும் என்பது வேடிக்கை!

இதைப் பரப்பியது 1810-ல் அமெரிக்கப் பத்திரிகையாளர் சார்லஸ் மைனர் எழுதிய கதை. (பெஞ்சமின் பிராங்க்ளின் எழுதியதாகப் பலர் சொல்வது தவறு.) பள்ளிக்கூடம் போகும் சிறுவனை ஓர் ஆசாமி வாயாரப் புகழ்கிறான். பையன் உச்சி குளிர்ந்து, அவனுடைய கோடாலிக்காகச் சாணைக்கல்லைச் சுற்றோ சுற்றென்று சுற்றுகிறான். கை கொப்புளித்துவிடுகிறது, பள்ளி மணியும் அடித்துவிடுகிறது. கோடாலி கூரானதுதான் தாமதம், புகழ்ந்த அதே வாய் பையனைத் திட்டி விரட்டுகிறது.

‘ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்’ என்று நம்மவர்கள் சொல்வதும் இதைத்தானே? இப்போது சிலர் இந்த ஆங்கிலத் தொடரை ‘பழைய பகை’ என்ற பொருளிலும் எழுதுகிறார்கள். கதையில் பகை ஏது? தேன் தடவிய சுயநலம்தான் உண்டு.

அமெரிக்கக் கதையில் கோடாலியாக வந்தது, நம் கடற்கரையில் குடையாக வந்தது. சாகுபுரத்திலிருந்து கரையோடு வடக்கே போனால் தூத்துக்குடி. அங்கே 1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். தூத்துக்குடி–கொழும்பு மார்க்கத்தில் கொடிகட்டிப் பறந்த பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் கம்பெனிக்குத் திடீரென்று பிரயாணிகள்மீது பாசம் பொங்கியது. கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. வெள்ளைக்காரர்களோ, ‘காசே வேண்டாம், ஏறுங்கள், ஆளுக்கொரு குடையும் இனாம்’ என்றார்கள்!

சுயநலமே பாவம் என்று நாம் சொல்லவில்லை. சுதேசிக் கம்பெனியும் தர்ம சத்திரமல்ல. பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். மொத்த மூலதனம் பத்து லட்சம். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகள் எடுத்தார். கம்பெனி வியாபாரம் செய்ய வந்திருக்கிறது என்பது பங்கு வாங்கியவருக்கும் தெரியும், டிக்கெட் வாங்கியவருக்கும் தெரியும். அங்கே கோடாலி நடு வீட்டில் இருந்தது. இனாம் குடைக்குள் இருந்த கோடாலியைத்தான் மழை, வெயிலுக்குப் பயந்த ஏழைப் பிரயாணி பார்த்திருக்க நியாயமில்லை.

1908 மார்ச்சில் சிதம்பரம் பிள்ளை கைதானார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையாகி வெளியே வந்தபோது, சுதேசிக் கப்பல் ஒன்றுகூடத் தூத்துக்குடியில் இல்லை.