சேலம், நாமக்கல் கிராமப்புற முதியோர் உடல்நலம்: எங்கள் நிலைப்பாடு

சேலம், நாமக்கல் மாவட்டக் கிராமங்களில் முதியோர் நலனுக்காக இயங்கும் அமைப்பு என்ற முறையில் இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். கிராமத்து முதியவரின் உடல்நலத்தைப் பிரஷர், சுகர் அளவுகளை மட்டும் வைத்து மதிப்பிடக் கூடாது. அவரால் நடக்க, பார்க்க, கேட்க, மென்று சாப்பிட, நினைவில் வைத்துக்கொள்ள முடிகிறதா என்பதை ஆண்டுதோறும் அவருடைய ஊரிலேயே சோதிக்க வேண்டும். குறை தெரிந்தால் அதைச் சரிசெய்வது அரசு மருத்துவத்துறையின் பொறுப்பு. இதுவே எங்கள் நிலைப்பாடு.

பின்னணி

2021ஆம் ஆண்டுக்கான கணிப்பின்படி தமிழக மக்கள்தொகையில் 13.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. 2031இல் இது 18.2 விழுக்காட்டை எட்டும் என்று கணிக்கப்பட்டுள்ளது.

எங்கள் பகுதியில் முதுமைக்குப் பழைய உழைப்பின் சுமையும் சேர்ந்துகொள்கிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளைப் பக்கம் காலமெல்லாம் விசைத்தறி ஓட்டியவர்களுக்குக் காது மந்தம், பஞ்சுத்தூசியால் இளைப்பு. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காட்டில் குனிந்தே வேலை செய்த பெண்களுக்கு முட்டிவலி, இடுப்புவலி. லாரி ஓட்டி ஓய்ந்தவர்களுக்கு முதுகுவலி. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் பல்லாண்டுகள் போர் தண்ணீர் குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகும் ஆபத்து. பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடமாநிலங்களுக்கும் பிழைக்கப் போய்விட, தோட்டத்து வீட்டில் வயதானவர்கள் தனித்திருக்கிறார்கள். இவற்றில் எதுவும் சுகர் மீட்டரில் தெரியாது.

வெயிலும் சேர்ந்து வாட்டுகிறது. 2024 கோடையில் சேலத்தில் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வயதாக ஆகத் தாக உணர்வு குறைகிறது. சிறுநீரை அதிகமாகப் பிரியவைக்கும் பிரஷர் மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டு, அட்டைக் கூரைக்கடியில் பகலைக் கழிப்பவருக்கு மயக்கமும் அதனால் விழுவதும் எளிதில் நேரும். இடுப்பு எலும்பு முறிந்தால் பலர் பிறகு எழுந்து நடப்பதே இல்லை.

இருப்பதும் இல்லாததும்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை மனமார வரவேற்கிறோம். பிரஷர், சுகர் மாத்திரைகளோடு வீட்டு வாசலுக்கு வரும் பெண் தன்னார்வலர்கள்தான் பல முதியவர்களுக்கு மருத்துவத்துறையின் ஒரே முகம். இயன்முறைச் சிகிச்சையும் வலி நிவாரணமும் இத்திட்டத்தில் உண்டு. ஆனாலும் கண், காது, பல், நினைவாற்றல், சத்துக்குறைவு, விழும் அபாயம் ஆகியவை அன்றாடக் கவனத்துக்கு வெளியேதான் நிற்கின்றன. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு பெரிய அறுவைச் சிகிச்சைகளுக்குக் கைகொடுக்கிறது. மாதந்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் செலவுக்கு அது உதவாது. மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியத்தில்தான் அரிசியும் மருந்தும் பேருந்துக் கட்டணமும் அடங்க வேண்டியிருக்கிறது.

முதியோர் மருத்துவம் தமிழகத்துக்குப் புதிதல்ல. இந்தியாவிலேயே முதன்முதலாக முதியோருக்கெனத் தனி வெளிநோயாளிப் பிரிவு 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ. நடராசன் முயற்சியால் தொடங்கியது. அந்த அறிவு இன்னும் எடப்பாடிக்கும் சேந்தமங்கலத்துக்கும் முழுமையாக வந்து சேரவில்லை என்பதே எங்கள் ஆதங்கம்.

பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை என்பார்கள். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு பாசமுள்ள மகனாலும் கண்புரையை அகற்ற முடியாது. அதற்கு மருத்துவர் வேண்டும். அவரிடம் கூட்டிப்போக வண்டி வேண்டும். கூலிக்குப் போகும் மகளால் வாரம் ஒரு நாள் வேலையை விடவும் முடியாது.

எங்கள் கோரிக்கைகள்

1. மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சியளித்து, 60 வயதைக் கடந்த அனைவருக்கும் பார்வை, செவித்திறன், நடை, எடை, நினைவாற்றல், மனச்சோர்வு ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். கூடுதல் வேலைக்குத் தக்கபடி அவர்களின் ஊக்கத்தொகையையும் உயர்த்த வேண்டும்.

2. தேசிய முதியோர் நலத் திட்டம் சொல்லும் வாராந்திர முதியோர் மருத்துவ நாள் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தவறாமல் நடக்க வேண்டும். எந்தக் கிழமை என்பதை ஊராட்சி அலுவலகத்தில் எழுதி வைக்க வேண்டும்.

3. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, முதியோர் மருத்துவத்தில் அனுபவமுள்ள மருத்துவ அலுவலரின் கீழ் தனி வசதி இரு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் முழு அளவில் இயங்க வேண்டும்.

4. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் அரசுப் பேருந்துகளில் மட்டுமே உண்டு. தனியார் பேருந்தை நம்பியிருக்கும் ஊர்களின் முதியோருக்கும், 60 வயதைக் கடந்த ஆண்களுக்கும் மருத்துவப் பயணச் சலுகை வேண்டும்.

5. தனித்து வாழும் முதியோரின் பட்டியலை ஊராட்சி கையில் வைத்து, வெப்ப எச்சரிக்கை நாட்களில் அவர்களை நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 1 உலக முதியோர் நாள். மறுநாள் காந்தி ஜெயந்தியன்று கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊர்க் கிராம சபையில் இந்த ஐந்து கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். அப்பிச்சி, அம்மாயிகளை முன்வரிசையில் உட்காரவைத்து, அவர்கள் சொல்வதையும் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆதரவின்றித் தவிக்கும் முதியவர் யாரும் உங்கள் ஊரில் இருந்தால், 14567 என்ற கட்டணமில்லா முதியோர் உதவி எண்ணை இன்றே அழையுங்கள்.