மேஸ்திரி சத்தம் போட்டால் நூல் சரியாகுமா?

ராஜபாளையத்தில் பஞ்சு நூலாகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால் கோவாவாகிறது. இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் வேலையில் ஒரு பிழை வந்தால், அதை எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது? இந்த விஷயத்தில் அடுப்பங்கரைக்கும் ஆலைக்கும் வெகு வித்தியாசம்!

முதலில் அடுப்பங்கரைக்குப் போவோம்.

பால்கோவாவுக்குச் சரக்கு இரண்டே இரண்டு. பால், சர்க்கரை. 2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரெல்லாம் கிண்டுகிற கையில் இருக்கிறது. கை கொஞ்சம் அயர்ந்தால் அடி பிடிக்கும். அடி பிடித்த வாடை வாணலி முழுவதும் ஏறிவிடும். பிறகு என்ன செய்தும் போகாது.

ஆகவே அங்கே யாரும் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. “அண்ணே, அடி பிடிக்குது!” அவ்வளவுதான். சொன்னவர் சின்னப் பையனாக இருக்கலாம். கிண்டுகிறவர் முப்பது வருஷ அனுபவம் உள்ளவராக இருக்கலாம். அவருக்குக் கோபம் வராது. பையன் குறை சொன்னது அவரை அல்ல, வாணலியை!

ஆலையில் கதையே வேறு.

ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸை நிறுவினார். பிறகு அந்த வட்டாரத்தில் நூற்பாலைகள் பெருகின. ஆலைக்குள் பஞ்சு பல கை மாறுகிறது. சுத்தம் செய்கிற இடம், கார்டிங், சிம்ப்ளெக்ஸ், ஸ்பின்னிங், கடைசியில் கோன் சுற்றுகிற இடம். ஓரிடத்தில் நேர்ந்த பிழை அங்கேயே தெரிவதில்லை. சிம்ப்ளெக்ஸில் வந்த கோளாறு ஸ்பின்னிங்கில் இழை அறுவதாகத் தெரியும். ஸ்பின்னிங்கில் விழுந்த தடிப்பு, கோன் சுற்றும்போதுதான் கண்ணில் படும். அதற்குள் ஷிப்டு மாறியிருக்கும். ஆள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

மறுநாள் என்ன நடக்கிறது? மேஸ்திரி வருகிறார். மெஷின்கள் ஓடுகிற இரைச்சலில் சாதாரணமாகப் பேசினால் காது கேட்காது. கத்தித்தான் ஆகவேண்டும். அவர் மனசில் கோபமே இல்லாவிட்டாலும், கேட்கிற பெண்ணுக்கு அது திட்டுதான். பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் காதில் விழுவது நூலைப் பற்றிய செய்தி அல்ல. தன் மானம் போன செய்தி!

அவளை இரண்டு நிமிடம் வெளியே கூப்பிட்டுப் பேசினால் என்ன குறைந்துவிடும்? “நேற்று ராத்திரி ஷிப்டில் இந்த மெஷின் பாபினில் தடிப்பு விழுந்திருக்கிறது. என்ன ஆச்சும்மா?” இதில் இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, பிழை இருக்கிறது. பதில் சொல்ல அவளுக்கும் வழி இருக்கிறது. “உனக்கு வேலையில் கவனமே கிடையாது” என்றால் அவள் எதைத் திருத்துவாள்? தன்னையா, மெஷினையா? ஒருவேளை மெஷினில்தான் கோளாறோ என்னவோ! அதை முதலில் பார்த்தவளும் அவள்தானே?

இன்னொரு ஆபத்தும் உண்டு. பிழையைச் சொன்னால் சம்பளம் பிடிப்பார்கள் என்ற பயம் வந்துவிட்டால், யார் வாயைத் திறப்பார்கள்? கெட்ட பாபின் நல்ல பாபின்களோடு சேர்ந்துவிடும். ஒரு நாள் கூலி போனால் அந்த வீட்டில் அரிசிச் செலவு இடிக்கும். அப்படிப்பட்டவரிடம் போய் “மறைக்காமல் சொல்லு” என்று உபதேசம் செய்வது அழகல்ல.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. அதே 1936-ல் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வந்தது. தொழிலாளி தன் காரணத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் அபராதம் போடக் கூடாது என்றது அந்தச் சட்டம். 2019-ல் வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இந்த விதி இருக்கிறது. அபராதத்துக்கு நூற்றுக்கு மூன்று என்ற உச்சவரம்பும் இருக்கிறது. “முதலில் கேள், பிறகு பேசு” என்பதை மேலதிகாரிகளுக்குச் சட்டம் போட்டுச் சொல்லவேண்டியிருந்தது, பாருங்கள்!

ஜப்பான் கயிறு

டொயோட்டா கார் எல்லாருக்கும் தெரியும். அந்தக் குடும்பத்தின் மூலத் தொழில் தறி என்பது பலருக்குத் தெரியாது. சகிச்சி டொயோடா என்பவர் 1924-ல் ஒரு தானியங்கித் தறியைச் செய்து முடித்தார். நூல் அறுந்தால் அது தானாகவே நின்றுவிடும். கெட்ட துணி மேலும் மேலும் நெய்யப்படாது. அவருடைய மகன் கீச்சிரோ 1937-ல் கார் கம்பெனியை ஆரம்பித்தார். பிற்காலத்தில் அந்தத் தொழிற்சாலைகளில் தொழிலாளி கைக்கு எட்டும்படி ஒரு கயிற்றைக் கட்டினார்கள். கோளாறைக் கண்டவர் கயிற்றை இழுப்பார். தலைவர் ஓடி வருவார். திட்டுவதற்கல்ல, உதவி செய்வதற்கு! உடனே தீராவிட்டால் வேலை நிற்கும். கடைநிலைத் தொழிலாளியின் சொல்லுக்கு அங்கே அத்தனை மதிப்பு!

நம் நாட்டிலும் 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டம் ஒரு வழி வைத்தது. நூறு பேருக்குக் குறையாத ஆலைகளில் தொழிற்கூடக் குழு அமைக்க அரசு உத்தரவிடலாம். அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகத்தார் எண்ணிக்கைக்குக் குறையக் கூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் குழு கூடிக் காப்பி குடித்துக் கலைந்தால் போதாது. மேஸ்திரியின் குறையை மேஸ்திரியிடமே சொல்ல முடிகிறதா என்பதே கேள்வி.

சொல்வதைவிடக் கேட்பதுதான் கஷ்டம். அதிலும் பெரியவர்களுக்கு ரொம்பக் கஷ்டம். ஆண்டாள் கதை ஸ்ரீவில்லிபுத்தூரில் குழந்தைக்கும் தெரியும். சாமிக்குக் கட்டிய மாலையை மகள் சூடிப் பார்த்துவிட்டாள் என்று பெரியாழ்வார் கடிந்துகொண்டார். வேறு மாலை கட்டிக்கொண்டு போனார். அவள் சூடிய மாலைதான் வேண்டும் என்று கனவில் உத்தரவானது. திருத்தப்போன தகப்பனாரே திருத்தப்பட்டார்! அவர் வாதாடவில்லை. மறுநாள் அந்த மாலையையே கொண்டுபோனார்.

ஆலையில் கனவுக்காகக் காத்திருக்க முடியாது. ஷிப்டு மாறுகிற நேரம் இருக்கிறது. வேலை முடித்துப் போகிறவர் வருகிறவரிடம், “மூணாவது மெஷினில் இழை அடிக்கடி அறுது, பார்த்துக்கோக்கா” என்று ஒரு வார்த்தை சொல்லலாம். மேஸ்திரியும் பக்கத்தில் நின்று அதைக் கேட்கலாம். அந்த ஐந்து நிமிடத்துக்கும் நிர்வாகம் கூலி போட்டுக் கொடுக்கவேண்டும்.