களிம்பும் மருந்தே

சர்க்கரை அளவு ஏறினால் நாம் முதலில் குறை காண்பது உணவில்தான். இனிப்பு உண்டீர்களா, மாத்திரையைத் தவறவிட்டீர்களா என்று கேட்கிறோம். தோலில் பூசும் களிம்பைப் பற்றிக் கேட்பதில்லை. அதையும் கேட்க வேண்டும் என்பதே எமது கருத்து.

படர்தாமரைக்கும் அரிப்புக்கும் முகப்பொலிவுக்கும் கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் உள்ளன. வீரியமிக்க களிம்பைப் பரந்த இடத்தில் நெடுநாள் பூசினாலோ, பூசிய இடத்தை இறுக மூடினாலோ மருந்து தோல்வழியே இரத்தத்தில் கலக்கிறது. அப்போது கல்லீரல் கூடுதல் சர்க்கரையை வெளியிடுகிறது. இன்சுலினின் ஆற்றலும் குன்றுகிறது. படர்தாமரையிலோ கேடு இருமடங்கு: ஸ்டீராய்டு அரிப்பை அடக்கிப் பூஞ்சையைப் பரவவிடும்; ஏறிய சர்க்கரை அப்பூஞ்சையை மேலும் வளர்க்கும்.

இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என 2018இல் மத்திய அரசு அறிவித்தது. சட்டம் மட்டும் போதாது. வீட்டாரின் விழிப்பும் வேண்டும்.

கரப்பான், காளாஞ்சகப்படை போன்றவற்றுக்கு மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை பூசுவோர் அஞ்ச வேண்டியதில்லை. குளோபெட்டசாலுக்கு வாரம் 50 கிராம், தொடர்ந்து 2 வாரம் என்பதே பொதுவான உச்சவரம்பு. நெடுநாள் பூசியவர்கள் தாமாகத் திடீரென நிறுத்துவதும் தீங்கு தரலாம்.

அடுத்த முறை வரும்போது மாத்திரைகளுடன் களிம்புக் குழாயையும் எடுத்து வாருங்கள். மாத்திரையின் அளவைக் கூட்டுமுன் மருத்துவர் அதையும் பார்க்கட்டும்.