தினம் ரூ.5 ஒதுக்கினால் கடன் குறையும்

விவசாயிகளே, நீங்கள் அனுப்பும் பழங்களைச் சென்னை திருவான்மியூர் போன்ற இடங்களில் விற்கும் தள்ளுவண்டிக்காரர்களில் பலர் தினக்கடன் வாங்கியே சரக்கு எடுக்கிறார்கள். காலையில் ரூ.1,000 வாங்கினால், மாலையில் சுமார் ரூ.1,047 கட்ட வேண்டும் என்று பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ 2011-ல் எழுதினர்.

தினமும் ரூ.5 ஒதுக்கி, மறுநாள் அந்த அளவு கடனைக் குறைத்து, மிச்சமாகும் வட்டியையும் முதலோடு சேர்த்தால், இரண்டு மாதத்துக்குள் ரூ.1,000 சொந்த முதலாகிவிடும்.

இந்தக் கணக்கு உங்களுக்கும் பொருந்தும். கடனுக்கு உரம் வாங்கும்போது, விலையிலேயே வட்டி சேர்ந்திருக்கிறதா என்று ரொக்க விலையோடு ஒப்பிடுங்கள். தமிழகக் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை. அறுவடைப் பணம் வந்ததும் அதை முதலில் கட்டி, அடுத்த பருவ விதைக்கான தொகையைத் தனியே எடுத்து வையுங்கள்.