ஜின்னில் சர்க்கரை எதற்கு?

என் அக்கா மகன் ஓசூரில் தூங்கி, பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் விழித்திருக்கும் ஆயிரக்கணக்கான பையன்களில் ஒருவன். போன மாதம் ஊருக்குப் போனபோது, "வாங்க மாமா, நல்ல இடமா ஒண்ணு காட்டறேன்" என்று காரில் ஏற்றிக்கொண்டான். ஜூஜூவாடி, அத்திப்பள்ளி எல்லாம் தாண்டி, மங்கலான வெளிச்சத்தில் ஒரு பார்.

மெனு கார்டில் 'லண்டன் ட்ரை ஜின் அண்ட் டானிக்'. பக்கத்திலேயே ஒரு சரித்திரப் பாடம். இந்தியாவில் மலேரியாவுக்குப் பயந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள், குயினைனின் கசப்பு தெரியாமல் இருக்க ஜின் கலந்து குடித்தார்களாம். அப்படிப் பிறந்த பானமாம் இது. "ஒரு வகையில மருந்து மாதிரிதான் மாமா" என்றான் பையன். ஒரு கிளாஸ் விலையைப் பார்த்தேன். சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்கு ஒரு நாள் கூலி!

நான் பி.காம். படித்தவன். எதையும் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தூக்கம் வரும். அமெரிக்கச் சட்டப்படி ஒரு லிட்டர் டானிக் தண்ணீரில் சுமார் 83 மில்லிகிராமுக்கு மேல் குயினைன் இருக்கக் கூடாது. மலேரியா வந்தவருக்கு டாக்டர் குயினைன் எழுதினால், ஒரு நாளைக்குச் சுமார் 1,800 மில்லிகிராம். அதாவது தினம் 21 லிட்டருக்கு மேல் டானிக் குடிக்க வேண்டும். மலேரியா போகிறதோ இல்லையோ, ஆள் போய்விடுவார்.

குயினைன் மருந்துதான், மறுக்கவில்லை. 1860-ல் தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனா செடிகளைக் கொண்டுவந்து நம் நீலகிரியில் நட்டார்கள். நடுவட்டத்தில் தோட்டம் போட, கப்பலில் கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளை வைத்துக் காடு வெட்டினார்கள். அந்தக் கைதிகள் மெனு கார்டில் இல்லை. குளுகுளு கதையில் கைதிக்கு ஏது இடம்?

அந்தக் கார்டு மறைக்கிற இன்னொரு சரித்திரம் லண்டனில் இருக்கிறது. 1700-களின் முதல் பாதியில் ஜின் என்பது கனவான்கள் பானமல்ல. நம்ம ஊர் பாக்கெட் சாராயம் மாதிரி கூலிக்காரர்களின் சரக்கு. கந்தக அமிலம், டர்பன்டைன் எல்லாம் கலந்து விற்றார்கள். 1734-ல் ஜூடித் டிஃபோர் என்ற பெண், பெற்ற குழந்தையையே கொன்று, அதன் துணியை விற்று ஜின் குடித்தாள். ஊரே அதிர்ந்தது.

அரசாங்கம் என்ன செய்தது? 1736-ல் ஒரு சட்டம் போட்டது. ஜின் விற்க வருடத்துக்கு 50 பவுண்டு லைசென்ஸ். எந்தப் பெட்டிக்கடைக்காரர் கட்டுவார்? முறையாக லைசென்ஸ் வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணலாம். விற்பனை நின்றதா? சந்துக்குள் போனது. மருந்து என்று லேபிள் ஒட்டிக்கொண்டது. 'மருந்து மாதிரிதான் மாமா' அன்றைக்கே ஆரம்பம்! 1743-ல் அந்தச் சட்டத்தை அரசே கைகழுவியது. பிறகு 1751-ல் வேறு வழி. காய்ச்சுகிறவன் லைசென்ஸ் இல்லாதவனுக்குச் சரக்கு கொடுக்கக் கூடாது. ஒழுங்கான கடைக்குத்தான் லைசென்ஸ். தானிய விலை ஏறியதும் சேர்ந்துகொள்ள, வெறி மெல்ல மெல்ல அடங்கியது.

அப்புறம் 1830-ல் ஏனியாஸ் காஃபி என்பவர் ஒரு புதிய வடிகலனுக்குக் காப்புரிமை வாங்கினார். சரக்கு சுத்தமாக வந்தது. அதுவரை மட்டச் சரக்கின் நாற்றத்தை மறைக்கச் சர்க்கரை போட்டார்கள். மறைக்க ஒன்றும் இல்லாதபோது சர்க்கரை எதற்கு? சர்க்கரை இல்லாத அந்த ஜின்னுக்குத்தான் 'ட்ரை' என்று பெயர். இன்றைக்கும் ஐரோப்பிய விதிப்படி, வடித்த பிறகு நிறமோ சுவையோ கலந்தால் அது லண்டன் ஜின் இல்லை.

மறைக்க எதுவுமில்லை. 'ட்ரை' என்பதற்கு எனக்குப் பிடித்த அர்த்தம் இதுதான். இந்த அளவுகோலை நம் எல்லைக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

ராஜாஜி பிறந்தது ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளி. 1937-ல் அவர் முதன்முதலாக மதுவிலக்கைச் சோதித்துப் பார்த்தது சேலம் மாவட்டத்தில். அன்றைக்கு ஓசூரும் கிருஷ்ணகிரியும் அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தன. அதே மண்ணில் பிறகு நடந்தது என்ன?

2007 ஜூலையில் கர்நாடகா சாராயத்தைத் தடை செய்தது. குடித்துப் பழகிய கூலிக்காரர் மறுநாள் முதல் என்ன செய்வார் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. 2008 மே மாதம் பெங்களூரு, கோலார் பக்கமும், இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் விஷச் சாராயம் குடித்துச் செத்தவர்கள் சுமார் 150 பேர். மெத்தனால். முதலில் கண்ணைக் குடிக்கும், பிறகு ஆளை. 1736-ன் பாடத்தை 272 வருஷம் கழித்து நம் ஜனங்கள் உயிரைக் கொடுத்துப் படித்தார்கள்.

படித்தது அவர்கள், பாஸாகாதது அரசுகள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி. மறுபடியும் மெத்தனால், மறுபடியும் 60-க்கு மேல் சாவு. டாஸ்மாக் கடைகள் திறந்திருந்த மாநிலத்திலேயே இது நடந்தது.

இப்போது ஆளாளுக்குச் சர்க்கரை போடுகிறார்கள். 'நாளைக்கே பூரண மதுவிலக்கு' என்று மேடையில் முழங்குவது ஒரு சர்க்கரை. 2020 மே மாதம் கர்நாடகா கடை திறந்ததும் எல்லையில் என்ன நடந்தது? பக்கத்து மாநிலங்களுக்கு ஜனங்கள் போகிறார்கள் என்று சொல்லித்தானே தமிழக அரசும் மூன்றே நாளில் கடையைத் திறந்தது? ஒரு பக்கம் மட்டும் போடுகிற பூட்டுக்கு இன்னொரு பக்கத்தில் சாவி இருக்கிறது சார்.

'வருமானம் இல்லாமல் நலத்திட்டம் எப்படி?' என்பது இன்னொரு சர்க்கரை. 2024-25-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 48 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். வரவு நன்றாகவே தெரிகிறது. மஞ்சள்காமாலை, விபத்து, இளம் விதவை என்ற செலவுப் பக்கத்தை எழுதாத பேரேட்டை எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்?

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். குடியை ஒரே நாளில் ஒழிக்க முடியாது. விஷத்தை ஒழிக்க முடியும். மெத்தனால் குடிசையில் விளைவதில்லை. அது தொழிற்சாலைச் சரக்கு. டேங்கரில், டிரம்மில், ரசீதோடு வருவது. அதைக் கட்டுப்படுத்த 1959-லேயே தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. எந்த லிட்டர் எந்த கேட்டில் நுழைந்தது, எங்கே போனது என்று இரண்டு மாநிலமும் ஒரே கணக்கேட்டில் எழுதட்டும். கூடவே, குடியை விட நினைப்பவனுக்குத் தாலுகா ஆஸ்பத்திரியிலேயே ஒரு படுக்கை கொடுங்கள். விற்கிற பாட்டிலில் என்ன இருக்கிறது என்று, அதைக் குடிக்கிறவன் படிக்கிற மாதிரி தமிழில் பெரிதாக அச்சடியுங்கள்.

பாரிலிருந்து திரும்பும்போது பையன் கேட்டான், "என்ன மாமா, ஒண்ணுமே சாப்பிடலையே?"

"கதையிலேயே வயிறு நிறைஞ்சுடுச்சுடா" என்றேன். "அதுலதான் சர்க்கரை ஜாஸ்தி."