நல்ல பொட்காஸ்ட் கேட்ட தங்கச்சிக்கும், நாற்பது லிங்க் அனுப்பியவர்களுக்கும்



போன கிழமை நம்ம ஊர் வட்ஸ்அப் குறூப்பில் ஒரு தங்கச்சி கேட்டிருந்தா: "டீச்சர், பஸ்ஸில போற நேரம் கேட்க நல்ல பொட்காஸ்ட் இரண்டு மூண்டு சொல்லுங்க." நான் பதில் போடுவதற்குள் நாற்பது லிங்க் விழுந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்து எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். முக்கால்வாசி சென்னையில் எடுத்த யூடியூப் பேட்டி. இரண்டு மைக், ஒரு பூச்சாடி, இரண்டு மணித்தியாலம். மிச்சம் பின்னால் பயங்கரச் சத்தம் போட்டு முப்பது செக்கனுக்கு வெட்டிய பயான் துண்டுகள். மன்னாரைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

அதனால்தான் இந்த நீளப் பதிவு. கோபம் வருகிறவர்கள் முழுக்க வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

முதலில் தங்கச்சி கேட்டதற்குப் பதில். எனக்குப் பிடித்தவை இவை.

தமிழ் வாசிப்பில் பிள்ளைக்கு நாட்டம் இல்லை என்று கவலைப்படும் உம்மாமார் தீபிகா அருணின் 'கதை ஓசை'யைப் போட்டுவிடுங்கள். கல்கியின் சரித்திர நாவல்களை அத்தியாயம் அத்தியாயமாக வாசிக்கிறார். அவசரமில்லாத வாசிப்பு. ளகர, ழகரத்துக்கு என் வகுப்பில் நான் கத்துவதை விட அது பலன் தரும்.

செய்திக்கு அவுஸ்திரேலிய அரச ஒலிபரப்பான எஸ்.பி.எஸ். தமிழ். ஒரு விஷயத்துக்கு ஒரு சிறு ஒலிப்பதிவு. கத்த மாட்டார்கள், இலங்கைச் செய்திக்கும் இடம் கொடுப்பார்கள்.

ஏ.எல். படிக்கும், ஆங்கிலம் ஓரளவு விளங்கும் பிள்ளைகளுக்கு பிபிசி ரேடியோ 4 இன் 'இன் அவர் டைம்'. 1998இல் தொடங்கியது. ஒரு தலைப்பு, மூன்று பேராசிரியர்கள், முக்கால் மணித்தியாலம். இமாம் கஸ்ஸாலி பற்றியும் இப்னு கல்தூன் பற்றியும் அதில் தனித்தனி நிகழ்ச்சிகள் இருக்கின்றன. நம்ம மேடைகளில் இந்தப் பெயர்களை உச்சரித்துக் கைதட்டு வாங்குகிறோம், அவர்கள் என்ன எழுதினார்கள் என்பதை லண்டன்காரர்கள் இருந்து பேசுகிறார்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேளுங்கள்.

பிறகு 'சீரியல்', 2014இல் வந்த முதல் பாகம். உலகத்தில் பொட்காஸ்ட் என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது அதுதான். 1999இல் அமெரிக்காவில் ஒரு மாணவி கொல்லப்பட்ட வழக்கு. ஆயுள் தண்டனை பெற்ற அத்னான் செய்யத் அப்போது 17 வயது முஸ்லிம் பையன். நிகழ்ச்சிக்குப் பிறகு அந்த வழக்கு பல தடவை திரும்பியது. 2022இல் தீர்ப்பை நீக்கி விடுதலை செய்தார்கள், பிறகு தீர்ப்பு மீண்டும் நிலைநிறுத்தப்பட்டது, 2025இல் சிறையில் இருந்த காலம் போதும் என்றார்கள். குற்றத்தீர்ப்பு இன்றும் நிற்கிறது. இதை ஏன் சொல்கிறேன்? நடத்திய பெண்மணி சேரா கேனிக், தனக்குத் தெரியாத இடத்தில் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்கிறார். நம்ம ஆட்களின் ஒலிப்பதிவில் அந்தச் சொல்லை ஒருநாளும் கேட்டதில்லை.

பெரிய பெயர் என்றால் நம்பலாம் என்பதும் இல்லை. 2018இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை 'கலிபேட்' என்று ஒரு பொட்காஸ்ட் வெளியிட்டது. தான் சிரியாவுக்குப் போய் ஐ.எஸ். இயக்கத்தில் ஆட்களைக் கொன்றதாக ஒரு கனேடிய இளைஞன் அதில் வாக்குமூலம் கொடுத்தான். உலகம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. பரிசும் கிடைத்தது. 2020இல் கனேடியப் பொலிஸார் பயங்கரவாதம் பற்றிப் பொய்க் கதை பரப்பியதாக அவன்மேல் வழக்குப் போட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பத்திரிகை தன் பிழையை ஒப்புக்கொண்டு பரிசைத் திருப்பிக் கொடுத்தது. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு இந்த நாட்டில் முஸ்லிமாக நடமாடிய எவருக்கும் இப்படி ஒரு கதை என்ன செய்யும் என்று நான் விளக்கத் தேவையில்லை. அந்த மாதங்களில் யாருடையதென்று தெரியாத குரல் பதிவுகள் போனுக்குப் போன் ஓடியதை மறந்துவிட்டீர்களா? நம்மைப் பற்றி மற்றவர்கள் அனுப்பியதும் ஓடியது, நாமே பயத்தில் அனுப்பியதும் ஓடியது.

செய்தி வந்தால் விசாரியுங்கள் என்பது ஹுஜுராத் சூராவின் கட்டளை. ஹதீஸ் கலை நிற்பதே யார் யாரிடம் கேட்டார் என்ற சங்கிலியில். அந்த மரபில் வந்தவர்கள், 'ஷெயார் பண்ணவும்' என்று எழுதியிருந்தால் ஷெயார் பண்ணுகிறோம்.

இனி நான் உண்மையில் சண்டை பிடிக்க வந்த விஷயம்.

ஒரு காலத்தில் தமிழ்நாட்டுக்காரர்களின் காது நம்ம பக்கம் திரும்பி இருந்தது. இலங்கை வானொலியின் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்றால் அங்கே தேநீர்க் கடையில் இருந்தவனுக்கும் தெரியும். முஸ்லிம் சேவைக்காக நோன்பு காலத்தில் நம்ம வீடுகளில் ரேடியோவை யாரும் தொடவிட மாட்டார்கள். யுத்த காலத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. வன்னியில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். புத்தளத்து அகதி முகாம்களில் நாங்கள் ஓலைக் குடிசைக்கு வெளியே பாய் போட்டு பிபிசி தமிழோசை கேட்டோம், ஊரைப் பற்றி ஒரு வரி வருமா என்று. 1941இல் தொடங்கிய தமிழோசை 2017 ஏப்ரல் 30ஆம் திகதி நின்றது. அன்று எத்தனை வாப்பாமார் ரேடியோவைத் துடைத்து அலுமாரியில் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்போது குரலை அனுப்ப ஒரு நிலையம் வேண்டும், கோபுரம் வேண்டும், கொழும்பில் ஆள் வேண்டும். இப்போது கையில் இருக்கும் போன் போதும். இந்த வசதி வந்த காலத்தில்தான் நாம் வாயை மூடிக்கொண்டு சென்னைப் பேட்டி கேட்கிறோம். அங்குள்ள நடிகரின் விவாகரத்து நம்ம தரம் 9 பிள்ளைக்கு மனப்பாடம். 1990 ஒக்டோபரில் என்ன நடந்தது என்று கேட்டால் "புலிகள் அனுப்பின" என்ற இரண்டு சொல். அவ்வளவுதான்.

வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டார்கள். ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எருக்கலம்பிட்டிக் கரையில் வள்ளத்துக்குக் காத்திருந்தார்கள். கற்பிட்டிக்குப் போன அந்தக் கடல் பயணத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்றும் நம்ம தெருவில் இருக்கிறார்கள். அன்று 30 வயது என்றால் இன்று 65 தாண்டிவிட்டது. அன்று 50 என்றால் அநேகமாக மையவாடியில். பிரஜைகள் ஆணைக்குழு ஒன்று விசாரித்து 2011இல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. அதைக் கையால் தொட்டவர்களை நம்ம ஊரில் விரல் விட்டு எண்ணலாம்.

என்ட உம்மும்மா மௌத்தாகி ஒன்பது வருஷம். அவ வள்ளத்தில் ஏறும்போது எதைக் கையில் எடுத்தா, எதை விட்டா, எந்தத் தமிழ்ப் பெண்மணி கரை வரைக்கும் வந்து தண்ணீர்ப் போத்தல் கொடுத்தா என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறா. நான் "ஓம் உம்மும்மா, சொன்னீங்கதானே" என்று எழும்பிப் போயிருக்கிறேன். இன்று அவவின் குரல் எங்கள் வீட்டில் எந்தப் போனிலும் இல்லை. ஒரு கல்யாண வீடியோவில் இருக்கிறா. வாய் அசைகிறது. வீடியோக்காரன் மேலே பாட்டுப் போட்டிருக்கிறான்.

இதை ஞாபகத்துக்காக மட்டும் சொல்லவில்லை. முசலிப் பக்கத்தைப் பாருங்கள். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி மக்கள் இருபது வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்தபோது ஊர் காடாகிக் கிடந்தது. 2015 அளவில் வில்பத்துக் காட்டை முஸ்லிம்கள் அழிக்கிறார்கள் என்று தெற்கில் பெரிய கூச்சல். 2017இல் மாவில்லு வன ஒதுக்கு வர்த்தமானி வந்தது. மக்கள் நாட்கணக்கில் தெருவில் இருந்தார்கள். எந்தத் துண்டு ஊர், எந்தத் துண்டு காடு என்று தொலைக்காட்சியில் எல்லாரும் பேசினார்கள். எந்தப் புளியமரத்தடியில் கிணறு, எங்கே பழைய பள்ளிவாசல், எந்த வழியால் மாட்டு வண்டி போனது என்று தெரிந்த மூத்தவர்களின் குரலை யாரும் கேட்கவில்லை. நாமும் பதிந்து வைத்திருக்கவில்லை. பத்திரம் எரிந்துபோன இடத்தில் மனுஷரின் வாய்தான் பத்திரம். இன்று அதே கதை காற்றாலைக்கு. தீவில் காற்றாலைகள் சுற்றுகின்றன. 2025இல் இன்னும் வேண்டாம், இல்மனைட் மணல் அகழ வேண்டாம் என்று நகரில் மக்கள் நாட்கணக்கில் இருந்தார்கள். பேஸ்புக்கில் லைவ் ஓடியது. வெள்ளம் முன்பு எந்த வழியால் கடலுக்கு வடிந்தது என்று ஒரு கரைவலைக்காரரை உட்கார வைத்து ஒரு மணித்தியாலம் கேட்டவர் யார்?

இதைச் சொன்னால் மூன்று மறுப்பு வரும். மூன்றையும் நேரில் கேட்டுவிட்டேன்.

பழைய புண்ணைக் கிளறாதீங்க, தமிழ் ஆட்களோட இப்பத்தான் சமாதானமா இருக்கிறோம் என்கிறார்கள். உம்மும்மாவின் கதையில் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தவ யார்? நம் வீட்டுத் திறப்பை வாங்கி வைத்திருந்த அயலவர் யார்? நாம் வாய் மூடினால் துரத்தியவன் மட்டும் பாடப்புத்தகத்தில் மிஞ்சுவான், அழுத அயலவர் மிஞ்ச மாட்டார். அவர்கள் பட்டதையும் அவர்கள் வாயால் கேட்க நமக்குக் காது வேண்டும்.

பெண்கள் குரலைப் பதிந்து வெளியில் விடலாமா என்கிறார் இன்னொருவர். ஆயிஷா நாயகி (ரழி) அறிவித்த ஹதீஸ்கள் 2,210. அவற்றை ஆண்களும் அவரிடம் கேட்டுப் படித்தார்கள். அதற்குப் பிறகும் தயக்கம் என்றால் வெளியில் விட வேண்டாம், வீட்டில் வைத்திருங்கள். பதியவே வேண்டாம் என்பதற்கு இது காரணம் இல்லை.

மூன்றாவது, பிள்ளைகளுக்குப் பரீட்சை. இதற்கு எனக்குப் பதில் சொல்லவே அலுப்பு. மூன்று டியூஷனுக்கு ஓடும் பிள்ளைக்கு ஒரு மனுஷர் பேசுவதைப் பத்து நிமிடம் குறுக்கிடாமல் கேட்கத் தெரியவில்லை. நான் தினமும் பார்க்கிறேன்.

செலவும் ஒரு பிரச்சினை இல்லை. சாதாரணத் தரத்தில் ஒரு மணித்தியால ஒலிப்பதிவு 30 எம்.பி. அளவில் அடங்கும். நீங்கள் காலையில் அனுப்பும் பூப்படம் போட்ட வாழ்த்து வீடியோக்களை இரண்டு நாள் நிறுத்தினால் சரி. செய்முறைக்கும் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. நியூயோர்க்கில் 2003இல் தொடங்கிய 'ஸ்டோரிகோப்ஸ்' இருக்கிறது. ஒரு சிறு அறை, தெரிந்த இரண்டு பேர், 40 நிமிடம், ஒருவர் கேட்க மற்றவர் சொல்ல வேண்டும். பிரபலங்கள் இல்லை. பேரனும் பாட்டனும், தாதியும் நோயாளியும். அதிலிருந்து சிறு துண்டுகளைப் பொட்காஸ்டாக விடுகிறார்கள், மற்றது அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் பாதுகாப்பாக இருக்கிறது. நம்மிடம் நூலகம் நிறுவனம் இருக்கிறது. 2005இல் இருந்து ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்க்கிறவர்கள், வாய்மொழி வரலாறும் சேர்க்கிறார்கள். நம்ம குரல் அங்கே எவ்வளவு இருக்கிறது என்று ஒருக்கா தேடிப் பாருங்கள்.

தங்கச்சி, நீ கேட்டது மூன்று. நான்கு சொல்லிவிட்டேன். ஐந்தாவதை நீதான் செய்யவேண்டும். உன் வீட்டில் மூத்தும்மா இருக்கிறா என்று எனக்குத் தெரியும். அஸர் தொழுது, தேத்தண்ணி குடித்த பிறகு உட்கார். மின்விசிறியை நிற்பாட்டு, இல்லாவிட்டால் அது மட்டும்தான் கேட்கும். போனை அவ மடிக்குப் பக்கத்தில் வை, முகத்துக்கு நேரே நீட்டாதே. "1990ஐப் பற்றிச் சொல்லுங்க" என்று தொடங்காதே, மேடைப் பேச்சு மாதிரி வந்துவிடும். பழைய வீட்டுக் கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்று கேள். பிறகு சும்மா இரு. அவ அழுதால் போனை நிற்பாட்டிவிட்டுக் கையைப் பிடி, இன்னொரு நாள் தொடரலாம். முதலில் பெயர், ஊர், திகதி சொல்லிப் பதி. அவவிடம் கேட்காமல் யாருக்கும் அனுப்பாதே, குறூப்புக்கும்தான்.

பதிந்தவர்கள் எனக்கு இன்பொக்ஸில் சொல்லுங்கள். இரண்டு கொப்பி எடுத்து வைக்க, பெயர் போட்டு ஒழுங்கு பண்ண நான் உதவுவேன். சென்னை லிங்க் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பதிவுக்குக் கீழே அனுப்ப வேண்டாம்.